நால்வரின் ஒத்திகை நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி இது: "என் மகள் அமெரிக்காவில் ஓர் இசைக் கல்லூரியில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) படிக்கிறாள். வரும் மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. கூடப் படிக்கும் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு ஸ்டிரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) வைத்திருக்கிறாள். ஒரு போட்டியில் இரண்டாம் பரிசும் வாங்கினார்கள். ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு ஆடிஷன் கொடு என்றால், குவார்ட்டெட்டையே முழுநேரத் தொழிலாகச் செய்யப் போகிறோம் என்கிறாள். அதை வைத்துப் பிழைக்க முடியுமா? முதல் சில வருடங்கள் எப்படி இருக்கும்?"

பிழைக்க முடியும். ஆனால் கச்சேரிக்குக் கிடைக்கும் பணத்தில் மட்டும் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, நீங்கள் பெயர் கேள்விப்பட்ட பெரிய குவார்ட்டெட்டுகள்கூட. மேடையில் வாசிக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பார்கள். அதற்கு முன்னால் நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செலவிடும் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஒரு இளம் குழுவின் ஆயுள் இருக்கிறது. உங்கள் மகளிடம் நீங்கள் பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

நான் இசைக் கலைஞன் அல்ல. அமெரிக்காவில் நான் வாழும் ஊரில் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சேம்பர் மியூசிக் (சிறு குழுக்கள் வாசிக்கும் இசை) சங்கத்தில், அடுத்த வருடம் யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் குழுவில் நீண்ட காலம் இருந்தேன். இளம் குழுக்கள் வந்ததையும், சில நின்று வளர்ந்ததையும், நல்ல குழுக்கள் பல மூன்றாம் வருடம் கலைந்து போனதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். புதிய குழு ஒன்றுக்கு வெளியூரில் ஒரு கச்சேரிக்கு 4,000 டாலர் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் இருந்தால் 20 சதவீதம், அதாவது 800 டாலர் அங்கே போய்விடும். மீதி 3,200. நான்கு பேருக்கு விமான டிக்கெட் ஐந்து வாங்க வேண்டும், ஏனென்றால் செல்லோவைச் சரக்கில் போட முடியாது, அதற்கும் ஒரு இருக்கை. டிக்கெட் 300 டாலர் என்றால் 1,500. ஓட்டல் அறை நான்குக்கு ஓர் இரவு 600. வாடகைக் கார், சாப்பாடு 100. மிஞ்சுவது 1,000 டாலர், தலைக்கு 250. அதற்கும் வரி உண்டு. மாதத்துக்கு நான்கு கச்சேரி கிடைத்தாலும் (தொடக்கத்தில் கிடைக்காது) பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ வீட்டு வாடகையில் பாதிகூடத் தேறாது. மருத்துவக் காப்பீடு தனி. நல்ல வியோலாவின் விலை, அதற்கு ஒரு வில்லின் விலை, அதற்காக வாங்கிய கடன் எல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இப்போது இதன் மறுபக்கம். ஒத்திகையைக் குறைத்துக்கொண்டு மற்ற நேரம் வேறு வேலை செய்யலாமே என்று தோன்றும். அது ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகள் தினமும் நான்கு மணி நேரம் அந்த மூவருடன் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால்தான் அவள் பிடிவாதம் புரியும்.

ஸ்ருதியிலிருந்து தொடங்குகிறேன். குவார்ட்டெட்டில் தம்புரா கிடையாது. பியானோ மாதிரி ஸ்வரங்களை முன்பே நிர்ணயித்து வைத்த வாத்தியமும் கிடையாது. நால்வரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் கண்டுபிடிக்கிறார்கள். செல்லோவுக்கும் வியோலாவுக்கும் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினுக்கு ஜி, டி, ஏ, இ. அடுத்தடுத்த தந்திகள் ஸா–பா உறவில் இருக்கும். இந்த உறவைச் சுத்தமாக வைத்துக்கொண்டு செல்லோவின் சி தந்தியிலிருந்து நான்கு படி ஏறி வயலினின் இ தந்திக்கு வந்தால், அந்த இ, சியின் காந்தாரமாக ஒலிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். தம்புராவில் தானாகக் காதில் விழும் அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 22 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம், உயரமாக இருக்கும். அந்த இரண்டு தந்திகளும் சேர்ந்து ஒலித்தால் காது கூசும். எனவே குவார்ட்டெட்டுகள் தந்திகளைச் சேர்க்கும்போதே ஒவ்வொரு படியையும் கொஞ்சம் குறுக்கிக்கொள்கின்றன. எவ்வளவு குறுக்குவது என்பதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முடிவு உண்டு. இது வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பு. வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் இந்த இடத்தில் மெலடியாக மேலே இழுக்கிறதா, அல்லது நால்வர் சேர்ந்து பிடிக்கும் கார்டின் உள்ளே அமைதியாக உட்கார வேண்டுமா என்பதைப் பொறுத்து அதே விரல் வேறு வேறு இடத்தில் விழும். வியோலாக்காரிக்கு இது தினசரிக் கவலை. அந்தக் கார்டுகளின் நடு ஸ்வரம் பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கும்.

அதோடு வில்லின் எந்தப் பகுதி, எவ்வளவு வேகம், வைப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பது) உண்டா இல்லையா, மூச்சு எங்கே. ஆர்கெஸ்ட்ராவில் இருப்பதுபோல் நடத்துனர் இல்லாததால் ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்க வேண்டும். நான்கு பேர் என்பதால் வாக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிடும். தீராத இடத்தில் இன்று ஒரு விதமாகவும் நாளைக் கச்சேரியில் மறு விதமாகவும் வாசித்துப் பார்க்கும் குழுக்கள் உண்டு. எமர்சன் குவார்ட்டெட்டின் இரண்டு வயலின்காரர்கள் முதல் வயலின் இடத்தை மாறி மாறி எடுத்துக்கொண்டார்கள். 1976ல் தொடங்கி 2023 அக்டோபரில் விடைபெறும்வரை அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றினார்கள். இந்த மாதிரி ஒரு பேச்சு முறை படிய வருடங்கள் ஆகும். தனித்தனியாக அபாரமாக வாசிக்கும் நான்கு பேரை ஒரு வாரம் சேர்த்து வைத்தால் நல்ல கச்சேரி கிடைக்கும், குவார்ட்டெட் கிடைக்காது. கேட்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ஆக, கூலி இல்லாத வேலை மலையளவு. யாராவது அதைச் சுமந்தே ஆக வேண்டும். வரலாற்றில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

வியன்னாவில் இக்னாஸ் ஷுப்பான்ஸிக் 1804-05 காலத்தில் சந்தா வாங்கிப் பொதுமக்களுக்கு குவார்ட்டெட் கச்சேரி நடத்தியவர். தொழில்முறைக் குழு என்று சொல்லத்தக்க ஒன்றின் தொடக்கம் அங்கேதான். ஆனால் அவருடைய குழு நிலைத்து உட்கார்ந்தது 1808ல் ரஷ்யத் தூதர் ரஸுமோவ்ஸ்கி அவர்களைத் தன் வீட்டுக் குழுவாகச் சம்பளத்தில் வைத்துக்கொண்டபோது. பேத்தோவன் எழுதியவுடன் வாசித்துப் பார்க்க ஒரு குழு கையருகே இருந்தது. 1814 கடைசி நாள் இரவு ரஸுமோவ்ஸ்கியின் மாளிகை தீப்பிடித்தது. அவர் செல்வம் சரிந்தது. 1816ல் குழுவும் முடிந்தது. வாசிப்பில் எந்தக் குறையும் வந்து அது கலையவில்லை. சம்பளம் நின்றது, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் வங்கியாளர் எட்வர்ட் டி கொப்பெ ஒரு குழுவை உருவாக்கி, சுவிட்சர்லாந்தில் தனக்கிருந்த பங்களாவின் பெயரையே வைத்து ஃப்ளோன்ஸாலி குவார்ட்டெட் என்று அழைத்தார். அவர் போட்ட நிபந்தனை, நால்வரும் வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது, குவார்ட்டெட் மட்டுமே வாசிக்க வேண்டும் என்பது. அதற்கான பணத்தை அவர் தந்தார். அமெரிக்கா முழுவதும் சேம்பர் மியூசிக் கேட்க ஆட்கள் உருவானதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு.

இன்று நாம் பார்க்கும் பல்கலைக்கழக ஏற்பாடு போரால் பிறந்தது. பெல்ஜியத்தின் ப்ரோ ஆர்த்தே குவார்ட்டெட் 1940 மே மாதம் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பேத்தோவனின் குவார்ட்டெட்டுகளைத் தொடராக வாசித்துக்கொண்டிருந்தது. அதே நாட்களில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. ஊர் திரும்ப வழியில்லை. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகம் அவர்களைத் தன்னிடமே தங்கச் சொன்னது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு குவார்ட்டெட்டைச் சம்பளத்தில் வைத்துக்கொண்ட முதல் ஏற்பாடு அதுதான். ஆட்கள் மாறி மாறி, அந்தப் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஒரு குழு இருக்கிறது. போருக்குப் பிறகு மற்ற பல்கலைக்கழகங்களும் இதைப் பின்பற்றின. 1975ல் புடாபெஸ்டில் நான்கு மாணவர்கள் தொடங்கிய தகாச் குவார்ட்டெட், 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்து போல்டர் நகரில் ஊன்றிக்கொண்டது. அந்த நால்வரும் 1977ல் எவியான் போட்டியிலும் 1979ல் போர்ட்ஸ்மத் போட்டியிலும் முதல் பரிசு வாங்கியவர்கள். பரிசுகள் அவர்கள் பெயரைப் பரப்பின. அரை நூற்றாண்டு கடந்து அந்தப் பெயர் நிற்பதற்கு போல்டரின் சம்பளம் காரணம் என்பது என் கணிப்பு.

பெரிய தொகைதான் வேண்டும் என்பதும் இல்லை. அமடேயஸ் குவார்ட்டெட்டின் மூன்று பேர் வியன்னாவிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத இளைஞர்கள். 1940ல் 'எதிரி நாட்டவர்' என்று முகாமில் அடைக்கப்பட்டு அங்கே ஒருவரை ஒருவர் அறிந்தார்கள். வெளியே வந்தபின் மாக்ஸ் ரோஸ்டல் என்ற ஆசிரியர் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். நான்காவதாக லண்டன்காரரான ஒரு செல்லோக் கலைஞர் சேர்ந்தார். 1948 ஜனவரி 10 அன்று லண்டன் விக்மோர் ஹாலில், அமடேயஸ் என்ற பெயரில் அவர்கள் முதல் கச்சேரி. அதற்கு 100 பவுண்டு கொடுத்தவர் இசையமைப்பாளர் இமோஜென் ஹோல்ஸ்ட். அதன்பிறகு ஒரு ஆள்கூட மாறாமல் 1987 வரை வாசித்தார்கள். வியோலாக் கலைஞர் இறந்ததும் வேறொருவரைச் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டார்கள். அந்த வியோலா இடத்தில் இன்னொருவரை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பதில் எனக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் முதலில் குறிவைக்க வேண்டியது கிராஜுவேட் குவார்ட்டெட் ரெசிடென்சி. இசைக் கல்லூரிகள் ஓர் இளம் குழுவை முழுதாக எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரண்டு வருடம், கல்விக் கட்டணம் இல்லாமல் உதவித்தொகையும் ஒத்திகை அறையும் ஒரு மூத்த குவார்ட்டெட்டின் வகுப்பும் கொடுக்கும். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கல்லூரி நிகழ்ச்சிகளில் வாசிக்க வேண்டும். ஜூலியார்டில் உண்டு, ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஷெப்பர்ட் பள்ளியில் உண்டு, இன்னும் பல இடங்களில் உண்டு. இடம் மிகக் குறைவு. ஒரு பள்ளியில் பெரும்பாலும் ஒரு குழுவுக்குத்தான். விண்ணப்பம் சாதாரணமாகக் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மே மாதம் படிப்பு முடியும்வரை காத்திருந்தால் ஒரு வருடம் வீண்.

இதன் பயன் தெரிய டோவர் குவார்ட்டெட்டின் பாதையைப் பாருங்கள். 2008ல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் ஏறத்தாழ 19 வயது மாணவர்கள் தொடங்கியது. கர்ட்டிஸில் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 2010ல் ஃபிஷாஃப் போட்டியில் பெரும் பரிசு. அதன்பின் உடனே ஊர் சுற்றக் கிளம்பவில்லை; 2011லிருந்து 2013 வரை ரைஸில் ரெசிடென்சி. 2013ல் கனடாவின் பான்ஃப் போட்டியில் முதல் பரிசோடு எல்லாச் சிறப்புப் பரிசுகளையும் வாங்கினார்கள். உலகம் அவர்களை அன்று கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் ஐந்து வருடம், கட்டணமோ வாடகைக் கவலையோ அதிகம் இல்லாமல் ஒரே அறையில் உட்கார முடிந்திருந்தது. பரிசுக்குப் பின்பும் கர்ட்டிஸில் ஒரு ரெசிடென்சி, பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒன்று என்று காலடியில் எப்போதும் ஓர் இடம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இரண்டு வருடம் போதாது. முதல் வருடம் ஊர் பழகி, வகுப்புகள் பழகி முடிவதற்குள் அடுத்த இடத்துக்கான விண்ணப்பம் தொடங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான்கு பேரும், அவர்களுடைய துணைவர்களும், சில சமயம் ஒரு கைக்குழந்தையும் வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். நான் பார்த்த குழுக்கள் பல கலைந்தது இந்த இரண்டாம் இடமாற்றத்தின்போதுதான். ஒருவருக்கு ஆர்கெஸ்ட்ராவில் நிலையான வேலை கிடைத்திருக்கும், இன்னொருவருக்குத் திருமணமாகியிருக்கும், யார் மீதும் தப்பு சொல்ல முடியாது. கல்லூரிகள் இதை நான்கு வருடமாக்கி, குறைவான குழுக்களை எடுத்தாலும் பரவாயில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டிகளைப் பற்றி. பான்ஃப் போட்டி 1983ல் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பத்துக் குழுக்களை மட்டும் மலை நடுவில் உள்ள ஒரு கலை மையத்துக்கு அழைக்கிறார்கள். ஹைடனுக்கு ஒரு சுற்று, ரொமான்டிக் காலத்துக்கு ஒரு சுற்று, பத்துக் குழுக்களுக்கும் பொதுவாகப் புதிதாக எழுதிய கனடியப் படைப்பு ஒன்று என்று கடுமையான வாரம் அது. லண்டன் விக்மோர் ஹால் போட்டி, மியூனிக் ஏஆர்டி போட்டி, இந்தியானாவில் 1973 முதல் நடக்கும் ஃபிஷாஃப் ஆகியவையும் முக்கியமானவை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2016ல் எம்-ப்ரைஸ் என்று தொடங்கி 1,00,000 டாலர் கொடுத்தது. முதல் வருடம் அதை வாங்கியது கலிடோர் குவார்ட்டெட். ஆனால் தொகையில் ஏமாறாதீர்கள். நான்காகப் பிரித்து வரி கட்டினால் அது ஒரு வருட வாடகைதான். பரிசோடு சேர்ந்து வரும் கச்சேரிச் சுற்று, மேலாண்மை உதவி, அடுத்த ரெசிடென்சிக்கான கதவு ஆகியவைதான் மதிப்பு. கலிடோர் அதே காலத்தில் பிபிசியின் நியூ ஜெனரேஷன் ஆர்டிஸ்ட்ஸ் திட்டத்திலும் லிங்கன் சென்டர் சேம்பர் மியூசிக் சங்கத்தின் இளையோர் திட்டத்திலும் இடம் பிடித்தது. இந்த மாதிரித் திட்டங்கள் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து மேடை கொடுப்பவை. பரிசைவிட இவற்றையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் மகளின் இரண்டாம் பரிசு எதற்கு உதவும்? அடுத்த ஒரு வருடத்துக்குக் கதவு தட்டும்போது பதில் வரும். எங்கள் சங்கத்தில் கடிதம் வந்தால் பரிசுப் பட்டியலை ஒரு பார்வை பார்ப்போம், அதற்குப்பின் நேரே ஒளிப்பதிவுதான். வெட்டி ஒட்டாமல், கேட்பவர்கள் இருக்கும் அரங்கில் எடுத்த ஒரு முழு மூவ்மென்ட் (படைப்பின் ஒரு பகுதி), முடிந்தால் மெதுவானது, அனுப்பச் சொல்லுங்கள். வேகமான கடைசிப் பகுதியை எல்லோரும் நன்றாக வாசிக்கிறார்கள்.

விசா விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மாணவர் விசாவில் படித்தவருக்குப் படிப்பு முடிந்ததும் தன் துறையில் வேலை செய்ய 12 மாத அனுமதி கிடைக்கும். அதற்குப் பிறகு பல இசைக் கலைஞர்கள் போகும் வழி, சிறப்புத் திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 விசா. அதற்குப் பரிசுகள், விமர்சனங்கள், கையெழுத்தான கச்சேரி ஒப்பந்தங்கள் எல்லாம் சான்றாக வேண்டும். அந்த இரண்டாம் பரிசின் சான்றிதழையும், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த நான்கு வரியையும்கூடப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நால்வரில் வேறு யார் யார் வெளிநாட்டவர் என்றும் கேளுங்கள். ஒருவருடைய அனுமதி தீர்ந்தாலும் குழு முழுதும் நிற்கும். ரெசிடென்சியில் மாணவராகப் பதிவு தொடரும் வகையாக இருந்தால் இந்தச் சிக்கல் தள்ளிப்போகும். இதற்கு ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் இப்போதே ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

இனி நான் அதிகம் மதிக்கும் வழியைச் சொல்கிறேன். 1992ல் யிங் குவார்ட்டெட் என்ற இளம் குழு, நால்வரும் உடன்பிறந்தவர்கள், அயோவா மாநிலத்தில் ஜெசப் என்ற விவசாய ஊருக்குக் குடிபோனது. மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. தேசியக் கலை அறக்கட்டளை கிராமப்புறங்களில் இளம் குழுக்களைக் குடிவைக்கத் தொடங்கிய திட்டம் அது. ஊரில் வாழ வேண்டும், அங்கே வாசிக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குச் சம்பளம். பள்ளியிலும் தேவாலயத்திலும் வீடுகளின் கூடத்திலும் வாசித்தார்கள். குவார்ட்டெட் என்ற ஒன்றை அதற்கு முன் கேட்டிராத மனிதர்கள் அவர்களுடைய ரசிகர்கள். அங்கே இருந்தபோதே 1993ல் நவும்பெர்க் சேம்பர் மியூசிக் விருது வாங்கினார்கள். பிறகு ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் குவார்ட்டெட்டாகவே இடம் கிடைத்தது. பெரிய நகரத்தில் இருந்தால்தான் கவனிக்கப்படுவோம் என்று இளம் குழுக்கள் நம்புகின்றன. ஜெசப் அதற்கு நல்ல மறுப்பு. தினமும் ஒத்திகைக்கு நேரம், செலவு குறைவு, முன்பின் அறியாதவர்கள் முன்னால் பேத்தோவனின் கடைசிக் காலக் குவார்ட்டெட்டை எப்படி அறிமுகம் செய்வது என்ற பயிற்சி. அந்தக் கடைசித் திறமைக்கு எங்களைப் போன்ற சங்கங்கள் இன்று கூடுதலாகவே பணம் கொடுக்கும், ஏனென்றால் மாலைக் கச்சேரியோடு காலையில் ஒரு பள்ளி நிகழ்ச்சியும் செய்தால்தான் எங்களுக்கு நிதி தருபவர்கள் மனம் இரங்குகிறார்கள்.

ப்ராவிடன்ஸ் நகரில் செபாஸ்டியன் ரூத் 1997ல் தொடங்கிய கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குவார்ட்டெட் ஏழை மக்கள் வாழும் பகுதியில் கடை மாதிரி ஓர் இடத்தைப் பிடித்துக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தன் கச்சேரிகளையும் நடத்தியது. 2010ல் அவருக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைத்தது. கார்னகி ஹாலும் ஜூலியார்டும் சேர்ந்து நடத்தும் என்செம்பிள் கனெக்ட், இரண்டு வருடம் இளம் கலைஞர்களை நியூயார்க் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பி உதவித்தொகை தருகிறது. அதில் குழுவாக அல்லாமல் தனித்தனியாகத்தான் சேர முடியும் என்பதால் உங்கள் மகளுக்கு இப்போது பொருந்தாது. இங்கிலாந்தில் யெஹூதி மெனுஹின் 1977ல் இணைந்து தொடங்கிய லைவ் மியூசிக் நவ், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வாசிக்க இளம் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கிறது.

இந்தப் பாதையில் ஒரு எச்சரிக்கை. வெளிப்பணி ஒத்திகையைத் தின்ன ஆரம்பித்தால் குழு கெட்டுவிடும். வாரம் முழுக்கப் பள்ளிகளில் வாசித்து, சனிக்கிழமை இரவு மட்டும் ஒத்திகை பார்க்கும் குவார்ட்டெட் ஒரு வருடத்தில் சோர்ந்து போவதைக் கண்டிருக்கிறேன். ஒப்பந்தத்திலேயே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம் ஒத்திகைக்கு என்று எழுத வைக்க வேண்டும்.

எழுதி வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது ஆடுபான் குவார்ட்டெட் நினைவுக்கு வராமல் இருக்காது. வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழு. 2000ல் மூன்று பேர் சேர்ந்து முதல் வயலின்காரரை வெளியேற்றினார்கள். வழக்கு வந்தது. குழுவில் அவருடைய பங்கின் மதிப்பாக 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மற்றவர்களின் வாத்தியங்களே பறிபோகும் நிலை வரை அது போனது. இருபத்திரண்டு வயதில் நான்கு நண்பர்களுக்கு இந்தப் பேச்சை எடுக்கவே மனம் வராது. ஆனாலும் எடுக்க வேண்டும். பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், வெளியேற்ற எத்தனை வாக்கு, வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும் இரவல் வாத்தியமும் யாரிடம் இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி நால்வரும் கையெழுத்திட வேண்டும். நன்றாகப் பழகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் அதை எழுத முடியும்.

எந்த இசையை வாசிப்பது என்பது அவர்கள் விஷயம். நான் சுருக்கமாக மட்டும் சொல்வேன். ஹைடன் எழுதிய குவார்ட்டெட்டுகள் 68, பேத்தோவன் 16, பார்டோக் 6 என்று முன்னால் இருக்கும் மலையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் 1973ல் தொடங்கிய க்ரோனோஸ் குவார்ட்டெட், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய படைப்புகளை எழுத வைத்து முற்றிலும் வேறு பாதை போட்டது. ஓபர்லினில் 1996ல் மாணவர்களாகச் சேர்ந்த எய்த் பிளாக்பேர்ட் என்ற ஆறு பேர் குழுவும் புதிய இசையை மட்டுமே நம்பி நின்றது. தங்கள் வயதுள்ள இசையமைப்பாளர் ஒருவருடன் இப்போதே நட்பு வைத்துக்கொள்வது இளம் குழுவுக்குப் பணம் செலவில்லாத முதலீடு.

ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் கொடு என்று மகளிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வியோலா இடத்துக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வருவது சாதாரணம். அதற்கான பகுதிகளை மாதக்கணக்கில் தனியாகத் தயார் செய்ய வேண்டும். அதையும் குவார்ட்டெட்டையும் ஒரே வருடத்தில் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். ஆகவே அது பாதுகாப்பான வழி என்று நினைத்து அவளைத் தள்ள வேண்டாம். பக்கத்து ஊரில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகக் கூலி கொடுக்கும் சிறிய ஆர்கெஸ்ட்ராவில் நால்வரும் சேர்ந்தே இடம் பிடிக்கலாம். வார இறுதியில் வேலை, வார நாளில் ஒத்திகை. தனித்தனியாக ஆளுக்கொரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் நாட்கள் ஒத்து வராது. யாராவது ஒருவர் ரகசியமாகப் பெரிய ஆடிஷனுக்குப் போவதும் கூடாது. போகலாம், மற்ற மூவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளுக்கு இரண்டு விண்ணப்பப் பருவம் கொடுப்பேன், அதாவது வரும் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும். அதற்குள் ஏதாவது ஓர் இடம், கல்லூரியோ சிறிய ஊரோ, நால்வரையும் ஒன்றாகச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டால் அவள் தேர்ந்தது சரியான தொழில். இரண்டு பருவமும் யாரும் எடுக்கவில்லை என்றால் அப்போது ஆடிஷனைப் பற்றிப் பேசலாம். அவள் காதும் கையும் அதற்குள் எவ்வளவோ கூர்மையாகியிருக்கும், அந்த உழைப்பு எங்கும் போகாது.

ஓர் இடம் கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்க வேண்டியவை: உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, கோடையில் என்ன செய்வது, மருத்துவக் காப்பீடு அதில் உண்டா, ஒத்திகை அறை தினமும் ஒரே நேரத்தில் கிடைக்குமா அல்லது முந்துபவர்களுக்கா, வெளியூர்க் கச்சேரி வந்தால் வகுப்பிலிருந்து விடுப்பு தருவார்களா, சொல்லிக்கொடுக்கும் மூத்த குவார்ட்டெட் வருடத்தில் எத்தனை வாரம் ஊரில் இருக்கும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். பெரிய பெயர்கள் பாதி வருடம் பயணத்தில்தான் இருப்பார்கள்.